புதுப்பிப்பு: குப்பைமேனி எண்ணெயில் புளித்த வாடை – தீர்வு கிடைத்தது

பச்சைக் குப்பைமேனி இலையை அரைத்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சினால் சில நாளில் புளித்த வாடை வருகிறது, அடியில் கலங்கலாகத் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இலையை நிழலில் உலர்த்தச் சொன்னார்களே, அதுதான் பலித்தது. கையில் எடுத்தால் நொறுங்கும் வரை காயவிட்டு, எண்ணெயில் போட்டு, கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மிதமாகச் சூடாக்கி, ஈரமில்லாத பருத்தித் துணியில் வடிகட்டினேன். வாடையே இல்லை. கெடுத்தது இலையிலிருந்த ஈரம்தான். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றச் சொன்னவர்களுக்கு: அது எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான், கிருமி வளர்வதைத் தடுக்காது, அதனால் என் பிரச்சினைக்கு உதவவில்லை.

எதிர்பாராதது இரண்டு. ஜன்னலோரம் வெயிலில் வைத்த பாட்டிலில் பச்சை நிறம் வெளிறிப் பழுப்பாகிவிட்டது, இலைப்பச்சையம் வெளிச்சம் தாங்காது, அடர்நிற பாட்டில்தான் சரி. அப்புறம் தலையணை உறையில் பட்ட கறை இன்னும் போகவில்லை!

புதிதாகச் செய்பவர்கள் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள், இலை என்றாலும் சிலருக்கு அரிக்கும்.