வெளியிலிருந்து ஜெல்லிஃபின் திறக்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய மடிக்கணினியில் உபுண்டு போட்டு ஜெல்லிஃபின் (நம் வீடியோக்களை மற்ற சாதனங்களில் பார்க்க உதவும் சர்வர் மென்பொருள்) வைத்திருக்கிறேன். வீட்டு வைஃபையில் 8096 போர்ட்டில் அருமையாக ஓடுகிறது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் திறக்கவே மாட்டேன் என்கிறது.

வெளியிலிருந்து வரும் இணைப்பை மடிக்கணினிக்குத் திருப்ப ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தாயிற்று, ஃபயர்வாலிலும் அனுமதி கொடுத்தாயிற்று. அப்புறம்தான் கவனித்தேன்: ரூட்டரின் வான் ஐபி (இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தரும் முகவரி) 100.72 என்று தொடங்குகிறது, வெளியே தெரியும் ஐபி வேறு. 100.64 முதல் 100.127 வரை சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும்படி இணைய நிறுவனம் வைக்கும் முறை) ஒதுக்கியவை. அதனால் நான் போர்ட் திறந்தும் பயனில்லை என்று நினைக்கிறேன், சரிதானா?

டெயில்ஸ்கேல் (சாதனங்களைத் தனி வலையமைப்பாக இணைக்கும் விபிஎன்) போடுவதா, ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) வழியா, நிலையான ஐபிக்குப் பணம் கட்டுவதா? பார்க்கப்போவது ஊரில் இருக்கும் அம்மா, ஆண்ட்ராய்டு டிவியில். அப்பா பேசும் பழைய வீடியோக்கள் அதில்தான் இருக்கின்றன. அம்மா ரிமோட்டில் ஒரு பொத்தானுக்கு மேல் அழுத்தத் தேவையில்லாத வழியாக இருந்தால் நல்லது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.