காலிச் சங்குக்கு வரிசையில் நின்ற துறவி நண்டுகள்

கடல் வற்றும்போது கரையோரப் பாறைகளுக்கிடையே நீர் தேங்கி நிற்கும் பாறைக் குட்டைகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: பொழுது சாயும் வேளையில் கடல் வற்றுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். வெயில் முழுவதும் பிளவுகளில் ஒடுங்கிக் கிடக்கும் நண்டுகளும் நத்தைகளும் இருட்டத் தொடங்கிய பிறகுதான் நடமாட வருகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் இன்னும் நல்லது. கடல் வெகுதூரம் உள்வாங்கி, மற்ற நாட்களில் நீருக்கடியிலேயே இருக்கும் பாறைகளும் வெளியே தெரியும். வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் கடல் ஏறும், வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

இந்த முறை போனது ஆள் நடமாட்டமே இல்லாத கரை. விளக்கு கிடையாது, பாதை கிடையாது. மணல் முடிகிற இடத்தில் கறுத்த பாறைத் திட்டு நீண்டு கடலுக்குள் இறங்குகிறது. அதன் மேல்மட்டம் முழுவதும் கொட்டலசு அப்பியிருந்தது. தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, கால்களால் நீரைத் துழாவி உணவை அள்ளித் தின்கிற உயிர் அது. நீர் விலகியதும் ஓட்டின் வாயை இறுக மூடிக்கொண்டு அடுத்த ஏற்றம் வரை காத்திருக்கும். டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இந்தக் கொட்டலசுகளையே ஆராய்ந்துகொண்டிருந்தார் என்றால், அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவதற்கு நமக்கு என்ன கஷ்டம்!

சற்றுக் கீழே, முழங்கால் ஆழத்தில் ஒரு குட்டை. அதன் விளிம்பில் உட்கார்ந்தேன். முதலில் எதுவும் தெரியாது, எப்போதுமே அப்படித்தான். நம் நிழலும் காலடி அதிர்வும் அடங்க வேண்டும். குட்டை குட்டையாகத் தாவிக்கொண்டே போகிறவர்கள் வெறும் தண்ணீரையும் பாசியையும் பார்த்துவிட்டுத் திரும்புவது இதனால்தான். கொஞ்ச நேரத்தில், பூப்போலத் தோன்றும் விலங்கான கடல் சாமந்தி ஒன்று, மூடிக் கிடந்தது, மெல்லக் கைகளை விரித்தது. மணல் நிறத்தில் படுத்திருந்த ஓர் உளுவை இடம் மாறியபோதுதான் அது மீன் என்றே தெரிந்தது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டியிருந்தேன். வெள்ளை வெளிச்சத்தைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் பல உயிர்கள் சிவப்பு வெளிச்சத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

குட்டையின் நடுவே பெரிய காலிச் சங்கு ஒன்று கிடந்தது. அதனருகே ஒரு துறவி நண்டு வந்தது. இந்த நண்டுகளுக்கு முன்பகுதி மட்டும்தான் கெட்டி. வயிறு மெத்தென்று சுருண்டிருக்கும். அதை மறைக்கச் செத்த நத்தையின் ஓடு வேண்டும். வளர வளர இன்னும் பெரிய ஓடு வேண்டும். வந்த நண்டு சங்கைத் தடவிப் பார்த்தது. அதன் அளவுக்கு ரொம்பப் பெரிது. ஆனால் விலகிப் போகவில்லை, பக்கத்திலேயே நின்றது. பிறகு இன்னொன்று, மற்றொன்று என ஐந்தாறு சேர்ந்துவிட்டன. பெரியது முன்னால், சிறியது பின்னால் என்று ஒன்றன் ஓட்டை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன.

கடைசியில் பாறை இடுக்கிலிருந்து நல்ல பருமனான நண்டு ஒன்று வந்தது. சங்கை உருட்டிப் பார்த்தது, உள்ளே கொடுக்கை விட்டு அளந்தது. வெளிறிய வயிறு கண்ணில் பட்ட மறுகணம் புதிய ஓட்டுக்குள் போய்விட்டது. அது விட்ட ஓட்டில் வரிசையின் முதல் நண்டு, அதன் ஓட்டில் அடுத்தது... ஒரு தெருவே ஒரே நேரத்தில் வீடு மாறியதுபோல் நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஓட்டை விழுந்த மிகச் சிறிய ஓடு ஒன்று மட்டும் மிஞ்சியது. துறவி நண்டுகள் இப்படி வரிசையாக ஓடு மாறுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். கண்ணெதிரே நடந்தபோது மூச்சுவிடக்கூட மறந்துவிட்டேன்.

அந்தச் சங்கு அழகானது. யாராவது எடுத்துப் போயிருந்தால் அத்தனை நண்டுகளும் இறுக்கமான பழைய ஓட்டிலேயே கிடந்திருக்கும். ஓடு கிடைக்காத இடங்களில் பிளாஸ்டிக் மூடிக்குள் வாழும் துறவி நண்டுகளையும் பார்த்திருக்கிறார்கள். கரையில் "சும்மா கிடக்கிற" சங்குகளைப் பை நிறைய அள்ளிச் செல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. தயவுசெய்து அவற்றை அங்கேயே விட்டுவிடுங்கள். வெப்பக் கடல்களில் இன்னொரு காரணமும் உண்டு: கூம்பு நத்தை. மிக அழகான ஓடு, ஆனால் உள்ளே உயிர் இருந்தால் கொட்டும். அவற்றுள் சில வகைகளின் நஞ்சு மனிதரைக் கொல்லக்கூடியது.

ஏற்றம் தொடங்கும்போது நீர் எதிரிலிருந்து மட்டும் வருவதில்லை, பாறைத் திட்டுக்குப் பின்புறத் தாழ்விலும் சத்தமில்லாமல் நிறைந்துவிடும். இருட்டில் அது தெரியாது. அதனால் கடல் திரும்பும் நேரத்துக்கு முன்பே எழுந்துவிட்டேன். துறவி நண்டுகள் வரிசையில் நிற்பதை வேறு யாரேனும் பார்த்திருக்கிறீர்களா? பெரிய நண்டு வராமலே போனால் அந்த வரிசை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று அறிய ஆசையாக இருக்கிறது.