கம்பைலரில் ப்ளூம் ஃபில்டர் வைத்தேன், வேகம் குறைந்துவிட்டது. எங்கே தப்பு?

அரைப்புள்ளி:

வணக்கம். வேலை முடிந்து வந்து ராத்திரியில் சி மொழிக்கு ஒரு குட்டிக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழெட்டு மாதம் ஆகிறது. ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் மெதுவாக. ஸ்கிரிப்ட் வைத்து நானே உண்டாக்கிய 40,000 வரிக் கோப்பைக் கொடுத்து பெர்ஃப் கருவியில் பார்த்தால், நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பெயர் தேடும் ஃபங்ஷனே தின்கிறது.

ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் (ஒரு பெயர் செல்லுபடியாகும் பகுதி: ஒரு ஃபங்ஷன், அதற்குள் ஒரு பிளாக்) தனி ஹாஷ் டேபிள் (பெயரை ஹாஷ் என்ற எண்ணாக மாற்றி, அந்த எண் காட்டும் இடத்தில் வைக்கும் பட்டியல்), வெளி ஸ்கோப்புக்கு ஒரு பாயிண்டர். உள்ளே இல்லையென்றால் வெளியே, அங்கும் இல்லையென்றால் இன்னும் வெளியே, கடைசியில் குளோபல். குளோபலில் சுமார் 3,000 பெயர் இருப்பதால் அதுதான் பாரம் என்று நினைத்து அதன் முன்னால் ஒரு ப்ளூம் ஃபில்டர் வைத்தேன்: பெயரைச் சேர்க்கும்போது ஹாஷ்கள் காட்டும் பிட்டுகளை ஏற்றிவைத்து, தேடும்போது அவற்றைப் பார்த்து ‘நிச்சயம் இல்லை’ அல்லது ‘இருக்கலாம்’ என்று மட்டும் சொல்லும் சல்லடை. 32,768 பிட், அதாவது 4 கேபி, ஏழு ஹாஷ். இல்லாத பெயருக்கு ‘இருக்கலாம்’ என்று சொல்வது நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன். அப்படியும் முன்பைவிட மெதுவாக ஓடுகிறது. இரண்டு ராத்திரி போனதுதான் மிச்சம். என்ன தப்பு செய்கிறேன்?

பழைய_சுட்டி:

ஃபில்டரில் தப்பில்லை. பெயருக்குப் பத்துப் பதினோரு பிட், ஏழு ஹாஷ் என்றால் பொய் விடை அரை சதவீதத்தை ஒட்டித்தான் வரும். நீங்கள் எண்ணியிருக்க வேண்டியது வேறொன்று: குளோபல் டேபிளில் தேடியதில் எத்தனை தடவை ‘இல்லை’ என்று முடிந்தது?

ப்ளூம் ஃபில்டர் மிச்சம் பிடிப்பது ‘இல்லை’ என்ற விடையில் மட்டும். ‘இருக்கலாம்’ என்றால் எப்படியும் டேபிளுக்குள் போகத்தான் வேண்டும். ஏழு ஹாஷ் தண்டம். பிழையில்லாத நிரலில், ஒரு பெயர் குளோபல் வரை வந்துவிட்டால் அது அங்கே இருக்கும். இல்லையென்றால் எரர் மெசேஜ்தான். எரர் சீக்கிரம் வர வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

பர்ட்டன் ப்ளூம் 1970-இல் இதை எழுதியபோது எடுத்துக்கொண்ட உதாரணம், வரி முடிவில் சொல்லை எங்கே உடைப்பது என்று சொல்லும் நிரல். 5,00,000 சொல்லில் 4,50,000 சொல்லுக்குச் சாதாரண விதியே போதும். பாக்கி 50,000-க்குத்தான் டிஸ்க்கில் உள்ள அகராதியைப் புரட்ட வேண்டும். பத்தில் ஒன்பதுக்கு விடை ‘இல்லை’. தப்பித்த தேடல் ஒவ்வொன்றும் டிஸ்க்குக்குப் போய்வருகிற வேலை. உங்கள் குளோபல் டேபிளில் இந்த இரண்டுமே கிடையாது.

இன்னொன்று. ஒவ்வொரு ஸ்கோப்பிலும் தேடும்போது அந்தப் பெயருக்குப் புதிதாக ஹாஷ் போடுகிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

அரைப்புள்ளி:

போடுகிறேன் அண்ணா. தேடும் ஃபங்ஷனுக்குள்ளேயே ஹாஷ் இருக்கிறது. மானம் போச்சு.

கவுண்டர் வைத்தேன். குளோபலில் தேடியதில் 100-க்கு 100 கிடைக்கிறது. ஆனால் உள் ஸ்கோப்புகளில் கதையே வேறு. ஒரு பெயர் கிடைப்பதற்குள் சராசரியாக நான்கு ஸ்கோப்பில் தோற்றுவிட்டு வருகிறது.

பழைய_சுட்டி:

ஃபில்டரை அங்கேதான் வையுங்கள். வைல், அதற்குள் இஃப், அதற்குள் ஃபார். அந்த அடி ஆழத்தில் ஒரு பிரிண்ட்எஃப். நீங்களும் நானும் பார்த்தவுடன் குளோபல் என்று தெரியும். உங்கள் கம்பைலரோ ஃபார் டேபிளைத் தட்டி, இஃப் டேபிளைத் தட்டி, வைல், ஃபங்ஷன் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறது, ஒவ்வொன்றுக்கும் புது ஹாஷ் வேறு.

முதல் வேலை: ஹாஷை லெக்ஸரிலேயே (நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி), எழுத்துகளைப் படிக்கும்போதே போட்டு, அந்தச் சொல்லுக்கான டோக்கனில் வைத்துவிடுங்கள். 4 கேபி ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு ஸ்கோப்பின் ஸ்ட்ரக்டிலும், வெளி ஸ்கோப் பாயிண்டருக்குப் பக்கத்திலேயே, ஒரே ஒரு 64 பிட் எண் வையுங்கள். பெயரைச் சேர்க்கும்போது ஹாஷிலிருந்து ஆறாறு பிட்டாக இரண்டு துண்டு எடுத்து, அவை காட்டும் இரண்டு பிட்டுகளை ஏற்றுங்கள். தேடும்போது இரண்டும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் அடுத்த ஸ்கோப்புக்குப் போய்விடலாம், டேபிளைத் தொடவே வேண்டாம்.

எட்டு வேரியபிள் உள்ள பிளாக்கில் பொய் ‘இருக்கலாம்’ சுமார் 5 சதவீதம். இருபது ஆனால் 22 சதவீதம் போல ஏறும், அதுவும் பரவாயில்லை. 3,000 பெயருள்ள குளோபலுக்கு இதை வைத்தால் 64 பிட்டும் ஏறிக் கிடக்கும், அங்கே வேண்டாம். ப்ளூம் ஃபில்டரிலிருந்து பெயரை நீக்க முடியாது என்பார்கள். இங்கே நீக்கவே தேவையில்லை. பிளாக் முடிந்தால் ஸ்கோப்போடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

எந்த ஹாஷ் வைத்திருக்கிறீர்கள்? 5381-இல் தொடங்கி 33-ஆல் பெருக்குகிற அந்தப் பழைய 32 பிட் ஹாஷ் என்றால், மேல் பக்கத்துப் பிட்டுகளை நேராக எடுக்காதீர்கள். ஐ, ஜே, கே போன்ற ஒற்றை எழுத்துப் பெயர்களுக்கு மேல் பிட் எல்லாமே பூஜ்யம். லூப் வேரியபிள் மூன்றும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். ஒரு பெரிய ஒற்றைப்படை எண்ணால் பெருக்கிக் கலக்கிவிட்டு எடுங்கள்.

கடைசியாக, நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்பு, வேலை பார்த்த இடத்தில் ஒரு சின்ன உள்மொழிக்கு இதேபோல வைத்தேன். லோக்கல் வேரியபிளைச் சேர்க்கும் இடத்தில் பிட் ஏற்றினேன். ஃபங்ஷன் பாராமீட்டர்கள் வேறு வழியாக டேபிளுக்குள் போவதை மறந்துவிட்டேன். ‘என்’ (n) என்று ஒரு பாராமீட்டர், அதே பெயரில் ஒரு குளோபல். ஃபில்டர் ‘இங்கே இல்லை’ என்றது, கம்பைலர் சமர்த்தாக வெளியே போய்க் குளோபலை எடுத்துக்கொண்டது. எரர் இல்லை, வார்னிங் இல்லை, விடை மட்டும் தப்பு. பொய் ‘இருக்கலாம்’ கொஞ்சம் நேரத்தைத் தின்னும், அவ்வளவுதான். பொய் ‘இல்லை’ வந்தால் நிரலின் அர்த்தமே மாறிவிடும். அதனால் சோதனைக்காக மட்டும் ஓட்டும் டீபக் பில்டில், ஃபில்டர் ‘இல்லை’ என்ற பிறகும் டேபிளில் தேடிப் பார்த்து, கிடைத்தால் நிறுத்துகிற மாதிரி ஓர் அஸர்ட் போடுங்கள்.

நூல்கண்டு:

பழைய_சுட்டி சொன்ன அதே இரண்டு பிட் வித்தையை லினக்ஸில் தினமும் எல்லோரும் ஓட்டுகிறோம். லைப்ரரிக் கோப்புகளுக்குள் இருக்கும், 2006-இல் வந்த குனு ஹாஷ் பகுதி அதுதான். ஒரு சிம்பலை (ஃபங்ஷன், வேரியபிள் பெயர்) டைனமிக் லிங்கர் (நிரல் ஓடும்போது அதை லைப்ரரிகளோடு இணைப்பது) ஒவ்வொரு லைப்ரரியாகத் தேடிக்கொண்டு போகும், முக்கால்வாசி இடத்தில் ‘இல்லை’. அதனால் டேபிளுக்கு முன்னால் ஒரு ப்ளூம் ஃபில்டர். ஒரே ஹாஷிலிருந்து இரண்டு பிட், இரண்டும் ஒரே வேர்டுக்குள் (ஒரே மூச்சில் படிக்கும் மெமரித் துண்டு), ஆக மெமரியை ஒரு தடவை தொட்டால் போதும். ஹாஷும் அதே 5381, அதே 33.

ஆனால் கம்பைலருக்குள் இது சுற்று வழி என்பேன். பெயர்களை இன்டர்ன் செய்யுங்கள். ஒரே பெயர் கோப்பில் ஆயிரம் தடவை வந்தாலும் மெமரியில் ஒரே பொருள், ஒப்பிடுவது பாயிண்டரை மட்டும். கிளாங் கம்பைலர் அப்படித்தான் செய்கிறது: அது கீவேர்டா, மேக்ரோவா என்பதெல்லாம் அந்தப் பொருளிலேயே எழுதியிருக்கும், தேட வேண்டியதில்லை. அப்புறம், அந்தப் பெயரின் இப்போதைய டிக்ளரேஷனையும் அதிலேயே தொங்கவிடுங்கள். உள் பிளாக்கில் அதே பெயர் வந்தால் பழையதன் மேல் புதியதை அடுக்குங்கள், பிளாக் முடிந்ததும் மேலே இருப்பதை எடுத்துவிடுங்கள். ஜிசிசி கம்பைலரின் சி பகுதியும் ஏறக்குறைய இதையே செய்கிறது. கதவு தட்டும் வேலையே இல்லாதபோது வாசலில் வாட்ச்மேன் எதற்கு?

பழைய_சுட்டி:

நூல்கண்டு சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கோப்பிலிருந்து வெளியேறும் ஒவ்வோர் இடத்தையும் தொட வேண்டியிருக்கும். 64 பிட் எண் இருபது வரி வேலை. இன்று ராத்திரிக்கு அது, லீவு நாளுக்கு இன்டர்ன்.

அரைப்புள்ளி:

இரண்டு பேருக்கும் நன்றி. ஹாஷை லெக்ஸருக்கு மாற்றியதிலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது. அப்புறம் அந்த 64 பிட் எண். இப்போது பெர்ஃப் பட்டியலில் பெயர் தேடல் ஐந்தாவது இடத்துக்குப் போய்விட்டது. முதலிடத்தில் மலாக் (மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) உட்கார்ந்திருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.

அண்ணா, அந்த அஸர்ட் முதல் ஓட்டத்திலேயே கத்தியது. பாராமீட்டர் இல்லை, அதைச் சரியாகத்தான் செய்திருந்தேன். ஃபங்ஷனுக்குள் ஈனம் (enum, பெயரிட்ட மாறிலிகளின் தொகுதி) அறிவித்தால் அதன் உறுப்புகள் தனி வழியில் டேபிளுக்குள் போகின்றன. அங்கே பிட் ஏற்றவில்லை.