கலைகளில் போட்டி எதைத் தருகிறது?

கேள்வி: ஓவியத்துக்கும் கவிதைக்கும் போட்டி வைப்பதால் படைப்பு மேம்படுகிறதா? 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கிலேயே இலக்கியத்துக்கும் ஓவியத்துக்கும் பதக்கம் வழங்கினார்கள். வென்றவற்றுள் இன்று பேசப்படுபவை மிகச் சிலவே.

மறுமொழி: இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுக்காக 1401-இல் நடந்த போட்டியைப் பாருங்கள். விவிலியத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முனையும் காட்சியையே போட்டியிட்ட சிற்பிகள் எழுவரும் வெண்கலப் பலகையில் வடித்தனர். புருனெலெஸ்கியின் பலகையில் வானதூதர் ஆபிரகாமின் கையை எட்டிப் பிடித்துத் தடுக்கிறார்; கிபெர்ட்டியின் பலகையிலோ ஓங்கிய கத்தி தடுப்பாரின்றி நிற்கிறது. கரு ஒன்றாக இருந்ததால்தான் இவ்வேறுபாடு நமக்கு இவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது.

மறுமொழி: வென்றவர் கிபெர்ட்டி, பெரும்பாலும் ஒரே வார்ப்பாக அமைந்த அவருடைய பலகைக்கு வெண்கலமும் குறைவாகவே செலவானது. தோற்ற புருனெலெஸ்கியோ பின்னாளில் அந்நகரப் பேராலயத்தின் குவிமாடத்தையே எழுப்பினார், ஐயா.

கேட்டவர்: நன்றி. ஆயினும், மற்ற ஐவரின் பலகைகள் எஞ்சவில்லை என்பதே என்னை வருத்துகிறது.