பைப்ளேன் சிஜி: ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சரி பண்ணணும்

தினேஷ்: சித்தப்பா, ரெண்டடுக்கு இறக்கை மாடல் விமானம், அதான் பைப்ளேன், முழுசா மாட்டியாச்சு. பிளான் ஷீட்ல சிஜி (ஈர்ப்பு மையம்) குறி எங்கயும் காணோம். ஞாயிறு முதல் ஃப்ளைட். முன்விளிம்பிலேர்ந்து இறக்கை அகலத்துல கால் பங்குல சிஜி வைக்கிற கணக்கை மேல் இறக்கையில எடுக்கவா, கீழ் இறக்கையில எடுக்கவா?

ரவி: ரெண்டுலயும் எடுக்கணும் தினேஷ். ஒண்ணை மட்டும் வெச்சுப் பண்ணினா கண்டிப்பா தப்பாகும். நாலு அளவு அனுப்பு: மேல் இறக்கை நீளம், அகலம், கீழ் இறக்கை நீளம், அகலம். அதோட ஸ்டேகர், அதாவது மேல் இறக்கை கீழ் இறக்கையை விட முன்னால நிக்கிற தூரம், எவ்வளவு? உடலை லெவல்ல வெச்சு, மேல் இறக்கையோட முன்விளிம்பிலேர்ந்து தூக்குக்குண்டு விட்டு அள. கண்ணால பாத்துச் சொல்லாத.

தினேஷ்: மேல 1400 x 200 மி.மீ. கீழ 1000 x 200. மேல் இறக்கை 50 மி.மீ. முன்னால நிக்குது. ரெண்டும் நேர் இறக்கை, பின்சாய்வு இல்ல.

ரவி: சரி. எல்லா அளவும் மேல் இறக்கையோட முன்விளிம்பிலேர்ந்துதான்.
மேல் இறக்கையோட கால் பங்கு 50 மி.மீ.ல. கீழ் இறக்கையோடது 50 + 50 = 100ல.
பரப்பு மேல 28 சதுர டெசிமீட்டர், கீழ 20. மேல் இறக்கை பெருசு, அதனால அது கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும்:
(50 x 28 + 100 x 20) ÷ 48 = 70.8
71 மி.மீ.ன்னு வெச்சுக்கோ. முதல் ஃப்ளைட்டுக்கு அதுதான்.

ரவி: மேல் இறக்கையை மட்டும் பாத்து 50ல நிறுத்தியிருந்தா மூக்கு கனம், இறங்கும்போது எலிவேட்டர் (மூக்கை ஏத்தி இறக்குற வால் மடல்) முழுசா இழுத்தாலும் மூக்கு தூக்காது. கீழ் இறக்கையை மட்டும் பாத்து 100ல நிறுத்தியிருந்தா அது இன்னும் மோசம். ரெண்டு இறக்கையையும் சேர்த்துப் பாத்தா அகலத்துல கிட்டத்தட்ட 40 சதவீதத்துல நிக்கும், எலிவேட்டரைத் தொட்டாலே துள்ளும்.

வித்யா: பின்சாய்வு இருக்கிற இறக்கைன்னா இந்தக் கணக்கு அப்படியே ஒத்து வராது, அதையும் சொல்லிடுங்கப்பா. அரை இறக்கை 600 மி.மீ., சாய்வு 5 டிகிரின்னா பாதி தூரத்துல, அதாவது 300ல, முன்விளிம்பு 26 மி.மீ. பின்னால போயிருக்கும். சிஜியும் அவ்வளவு பின்னால போகும். 1931ல முதல்ல பறந்த டைகர் மாத் பைப்ளேன்ல மேல் இறக்கையை முன்னால தள்ளினாங்க, முன் சீட்ல இருக்கிறவர் பாராசூட்டோட வெளிய வரணும்னு. அப்போ தூக்குவிசையைப் பழைய இடத்துக்குக் கொண்டு வரத்தான் இறக்கையைப் பின்னால சாய்ச்சாங்க. அதோட மாடல் கட்டுறவங்க நடு முன்விளிம்பிலேர்ந்து நேரா அளந்து ஏமாறுவாங்க.

தினேஷ்: சரிக்கா. இப்போ விரலால தூக்கிப் பாக்கவா?

வித்யா: வேண்டாம்டா. மேல் இறக்கைக்கு அடியில விரல் வெச்சா மொத்த எடையும் கீழ தொங்குது. விரலுக்கும் சிஜிக்கும் உயரம் 100 மி.மீ.ன்னா, 10 மி.மீ. தப்பு இருந்தாலும் 6 டிகிரிதான் சாயும். பாக்க நேரா இருக்கிற மாதிரியே தெரியும். கீழ் இறக்கைக்கு அடியில வெச்சா சிஜி விரலுக்கு மேல போயிடும், நிக்கவே நிக்காது. தராசு முறைதான் சரி. 1 கிராம் காட்டுற தராசு மூணு எடு.

வித்யா: பேட்டரி, ப்ரொபெல்லர், ஸ்பின்னர், இறக்கைக் கம்பி எல்லாம் மாட்டின நிலையில ரெண்டு முன் சக்கரம், ஒரு வால் சக்கரம், ஒவ்வொண்ணும் ஒரு தராசு மேல. வால் தராசுக்கு அடியில பெட்டி வெச்சு, வால் இறக்கை 0 டிகிரி காட்டுற வரைக்கும் உயர்த்து. வாலைத் தரையிலயே விட்டு எடுத்த எடை எதுக்கும் உதவாது.

தினேஷ்: இடது 944, வலது 918, வால் 138. மொத்தம் 2000 கிராம். அச்சு மேல் முன்விளிம்பிலேர்ந்து 30 மி.மீ. பின்னால, வால் சக்கரம் 830ல.

ரவி: அச்சுக்கும் வாலுக்கும் 800. 138 x 800 ÷ 2000 = 55. அச்சு இருக்கிற 30ஐயும் கூட்டினா சிஜி 85ல இருக்கு. 14 மி.மீ. வால் கனம். உன் விமானத்துல சிஜி 1 மி.மீ. நகர்ந்தா வால் தராசுல 2.5 கிராம் மாறும். 5 கிராம் படியா காட்டுற தராசை வெச்சுக்கிட்டு 'சரியா இருக்கு'ன்னு சொல்ல முடியாதுன்னு இதுக்குத்தான் சொல்றது.

மணி: மாப்ள, 14 மி.மீ. அதிகம். பறக்க விடக்கூடாது. மூக்குல ஈயம் போட்டா எவ்வளவு வரும்?

ரவி: மூக்கு முன்விளிம்பிலேர்ந்து 150 முன்னால. 2000 x 14 = 28000. அதை 150 + 71 = 221ஆல வகுத்தா 127 கிராம். பைப்ளேன் மூக்கு குட்டை, அதான் இவ்வளவு கேக்குது. ஈயம் கடைசி வழி. உள்ள இருக்கிறதை முதல்ல நகர்த்துவோம். பேட்டரி எவ்வளவு?

தினேஷ்: 350 கிராம். முன்னால இன்னும் 45 மி.மீ.தான் இடம் இருக்கு.

ரவி: 350 x 45 = 15750. பாக்கி 12250. எலிவேட்டர், ரட்டர் சர்வோ (வால் மடல்களை அசைக்கிற குட்டி மோட்டார்) ரெண்டும் வால் பக்கம்தானே?

தினேஷ்: ஆமா. ஒவ்வொண்ணும் 40 கிராம்.

வித்யா: அப்போ ரெண்டையும் 155 மி.மீ. முன்னால கொண்டு வா. 80 x 155 = 12400. ஈயமே வேண்டாம். புஷ்ராடு (சர்வோவையும் மடலையும் இணைக்கிற கம்பி) நீளமாகும், கார்பன் குழாய் போடு, நடுவுல ஒரு தாங்கி வை. இல்லன்னா எலிவேட்டர்ல காத்து அழுத்தம் வரும்போது ராடு வில்லா வளையும். ராடு எடையும் பின்னால சேருது, அதனால மறுபடி தராசுல ஏத்தாம முடிச்சாச்சுன்னு நினைக்காத.

மணி: இடது சக்கரத்துல 26 கிராம் கூட இருக்கே, அதைக் கவனிச்சீங்களா?

வித்யா: கவனிச்சேன் மாமா. சக்கரம் நடுக்கோட்டிலேர்ந்து எவ்வளவு தினேஷ்?

தினேஷ்: 150.

வித்யா: 26 x 150 = 3900. மேல் இறக்கை வலது முனைக்குப் பக்கத்துல, நடுவிலேர்ந்து 650ல, 6 கிராம் போதும். அதுக்கு முன்னாடி ப்ரொபெல்லர் தண்டையும் வால் நுனியையும் பிடிச்சுத் தூக்கிப் பாரு. இடது பக்கம் சாஞ்சா கணக்கு சரி. சாயலன்னா வால் தராசு நடுவுல இல்ல, அப்படி இல்லன்னா ஒரு கால் தட்டுல இழுபட்டு நிக்குது.

மணி: எரிபொருள் எஞ்சின் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். டாங்க் காலியா வெச்சுதான் சிஜி பாக்கணும். டாங்க் சிஜிக்கு முன்னால இருக்கும், தீரத்தீர விமானம் வால் கனமாகும். இறங்குற நேரத்துலதான் மாட்டிக்குவீங்க.

ரவி: தினேஷ், சிஜி சரியானாலும் இறக்கைக் கோணம் தப்புன்னா பிரயோஜனமில்ல. கோண மீட்டர் வெச்சு நாலு இடத்துலயும் பாரு, மேல இடது வலது, கீழ இடது வலது. ஒரே இறக்கையோட ரெண்டு பக்கமும் அரை டிகிரிக்குள்ள ஒத்துப் போகணும். கம்பியை முறுக்கின பிறகு பாக்கணும், முன்னாடி இல்ல. ஒரு கம்பியை இழுத்துக் கட்டினாலே கீழ் இறக்கை முறுக்கிக்கும், அப்புறம் எய்லரான் (இறக்கை மடல்) ட்ரிம், அதான் நேரா பறக்க வைக்கிற சின்னத் திருத்தம், போட்டுப் போட்டு தப்பு எங்கன்னே தெரியாது.

(மறுநாள்)

தினேஷ்: சர்வோ மாத்தியாச்சு, பேட்டரி முன்னால தள்ளியாச்சு, வலது முனையில 6 கிராம். இடது 958, வலது 957, வால் 106. மொத்தம் 2021.

ரவி: 106 x 800 ÷ 2021 = 42. சிஜி 72ல. போதும், பறக்கலாம். பேட்டரித் தட்டுல இப்போ இருக்கிற இடத்தைப் பேனாவால கோடு போட்டுக்கோ. அங்கேர்ந்து 10 மி.மீ. பின்னால போனா சிஜி 1.7 மி.மீ. பின்னால போகும். வெல்க்ரோ மட்டும் போதாது, ஸ்ட்ராப்பும் போடு.

வித்யா: மேல போனதும் ட்ரிம் பண்ணி, நல்ல உயரத்துல த்ராட்டில் குறைச்சு 45 டிகிரி இறக்கு, ஸ்டிக்கை விடு. வேகமா மூக்கு தூக்கினா மூக்கு கனம், பேட்டரியைக் கொஞ்சம் பின்னால தள்ளலாம். இன்னும் செங்குத்தா போனா உடனே இழுத்து மீட்டு இறக்கிடு, பேட்டரி முன்னால போகணும். 80 மி.மீ.க்குப் பின்னால போக வேண்டாம்.

மணி: இறங்கும்போது த்ராட்டிலை முழுசா மூடாத தினேஷ். ரெண்டு இறக்கை, தாங்கு கம்பி, குறுக்குக் கம்பி எல்லாம் காத்தைப் பிடிக்கும், மூடின உடனே வேகம் செத்துடும். சக்கரம் தரையைத் தொடுற வரைக்கும் கொஞ்சம் பவர் இருக்கட்டும்.

தினேஷ்: சரி மாமா. எலிவேட்டர் லோ ரேட்லதான் (மடல் கம்மியா அசையுற மாதிரி) ஏத்தறேன்.