45,000 ரூபாய் கட்டி டேட்டா கோர்ஸ் சேரலாமா? பெங்களூரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

அல்சூர்_ஏரிக்கரை:
எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம் படிக்கிறேன். பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பயிற்சி நிலையம், சனி ஞாயிறு மட்டும், 3 மாதம். பைதான் நிரல்மொழி, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கிற எஸ்.க்யூ.எல்., மெஷின் லேர்னிங், எல்லாமே கையால் செய்து பழகுவது என்கிறார்கள். 45,000 ரூபாய். அப்பா தருகிறேன் என்கிறார், ஆனால் அது அக்கா கல்யாணத்துக்காகப் போட்ட சீட்டுப் பணம். அங்கே படித்த சீனியர் இருவரில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது, இன்னொருவர் தேடிக்கொண்டே இருக்கிறார். சேரலாமா?

பழைய_பிஎச்டி:
சேராதேம்மா. நானும் இப்படி ஒன்றில் 30,000 கட்டியவன். முதல் வகுப்பில் ஐரிஸ் பூவின் அளவுகள், எல்லா இடத்திலும் பயிற்சிக்குக் கொடுக்கிற பழைய டேட்டா, 1936இல் புள்ளியியல்காரர் ஃபிஷரின் கட்டுரையில் வந்த அதே 150 பூ. இரண்டாம் வாரம் டைட்டானிக் கப்பல் பயணிகள் பட்டியல், அதுவும் அப்படியொரு பயிற்சி டேட்டா. வாத்தியார் திரையில் தட்டிய வரியை நாங்களும் தட்டினோம், ஓடியது, எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். திங்கட்கிழமை லேபுக்கு வந்து பிளேட் ரீடர் (சாம்பிள்களை அளக்கிற கருவி) கொடுத்த ஃபைலைத் திறந்தால் முதல் இருபது வரி கருவியின் பெயர், தேதி, வெப்பநிலை, அதற்குக் கீழேதான் எண்கள், அதிலும் நடுநடுவே எண் இருக்க வேண்டிய கட்டத்தில் 'ஓவர்ஃப்ளோ' என்று எழுத்து. இதை என்ன செய்வது என்று அந்த மூன்று மாதத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உன் ப்ராஜெக்ட்தான் உனக்குக் கோர்ஸ். மாட்டிக்கொண்டு முழித்தால் தானாக வரும்.

ஓசூர்_பாசஞ்சர்:
தானாக வரும் என்று சொல்ல உங்களுக்கு லேப் இருந்தது சார், பக்கத்து மேஜையில் கேட்க ஆள் இருந்தார். நான் படித்தது எம்.ஏ. பொருளாதாரம், சின்ன ஊர்க் கல்லூரி, கம்ப்யூட்டர் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே இரண்டு வருடமும் ரகசியம். ஐ.ஐ.டி.க்கள் நடத்துகிற ஆன்லைன் வகுப்பான என்.பி.டி.இ.எல்.லில் ஒரே 12 வாரக் கோர்ஸுக்கு மூன்று தடவை பெயர் கொடுத்தேன், மூன்று தடவையும் நாலாவது வாரத்தில் நின்றுவிட்டேன். பாடம் இலவசம், அதனால் விட்டாலும் வலிக்கவில்லை. அப்புறம் காசு கட்டி ஒரு வகுப்பில் சேர்ந்தேன், கட்டிய காசுக்காகவே ஓசூரிலிருந்து ரயில் ஏறி வந்தேன். இன்று எஸ்.க்யூ.எல். எழுதித்தான் சாப்பிடுகிறேன். எல்லோராலும் தனியாக முழிக்க முடியாது.

பழைய_பிஎச்டி:
அப்படியானால் 45,000 ரூபாய் பாடத்துக்கு இல்லை, உங்களை எழுப்பிவிடும் அலாரத்துக்கு.

ஓசூர்_பாசஞ்சர்:
ஆமாம், அலாரத்துக்குத்தான். அதில் என்ன கேவலம்?

எலக்ட்ரானிக்சிட்டி_வாசி:
ரெஸ்யூமே பார்க்கிற வேலை என்னுடையது, அதனால் ஒன்று சொல்கிறேன். பத்து ரெஸ்யூமேயில் பாதிக்கு மேல் டைட்டானிக் இருக்கும். அந்த 891 பயணிகளில் 177 பேருக்கு வயது காலியாக இருக்கும், அதை என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். "சராசரி வயதைப் போட்டு நிரப்பினேன் சார்." ஏன்? அதற்கு மேல் சத்தம் வராது. ஒரு பாட்டனி பெண் வந்தாள், சான்றிதழ் ஒன்றும் இல்லை. துறையில் நாலு வருடமாகக் கையால் எழுதிய முளைப்புக் கணக்கு நோட்டுகளை உட்கார்ந்து ஏற்றியிருக்கிறாள். ஒரு வருடத்தில் மட்டும் விதை போட்டதற்கு முன்னாலேயே முளைத்ததாக வந்ததாம். தேடிப் பார்த்தால் அந்த நோட்டை எழுதியவர் மாதத்தை முன்னாலும் நாளைப் பின்னாலும் போடுகிற ஆள். இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு. வேலைக்கு எடுத்துக்கொண்டோம்.

பழைய_பிஎச்டி:
நான் சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார். உயிரியல்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. மார்ச்1, செப்ட்2 என்று ஜீன் பெயர்களை எக்செல்லில் போட்டால் அது தேதியாக மாற்றிவிடும். மனிதர்கள் எக்செல்லோடு மல்லுக்கட்டி முடியாமல் கடைசியில் 2020இல் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள், இப்போது அவை மார்ச்எஃப்1, செப்டின்2. எந்தக் கோர்ஸில் இதைச் சொல்கிறார்கள்?

கேஆர்புரம்_டீச்சர்:
என் வகுப்பில் சொல்கிறேன். நீங்கள் ஒரு மோசமான இடத்தில் மாட்டியதற்காக எல்லா வகுப்பையும் சேர்த்துத் திட்டாதீர்கள் சார். சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்று 1998இல் ஆரம்பித்த ஒன்று இருக்கிறது, ஆராய்ச்சி மாணவர்களுக்கென்றே, வழக்கமாக இரண்டே நாள். கம்ப்யூட்டருக்குத் தட்டச்சில் கட்டளை கொடுக்கிற ஷெல், ஃபைலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட், பைதான் அல்லது ஆர் என்ற நிரல்மொழி, அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டுச்சீட்டு தருவார்கள், மாட்டிக்கொண்டால் ஒரு நிறத்தை லேப்டாப் மூடியில் ஒட்ட வேண்டும், உதவியாளர் வந்துவிடுவார். கை தூக்க வெட்கப்படுகிற பிள்ளைகள் சீட்டு ஒட்ட வெட்கப்படுவதில்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதைப் பார்த்துத்தான் எங்கள் கல்லூரியிலும் செய்கிறோம். முதல் நாள் காலை முழுக்க எதில் போகும் தெரியுமா? "டவுன்லோட் ஆயிடுச்சு மேடம், எங்கே இருக்குன்னு தெரியல." போனிலேயே வளர்ந்த பிள்ளைகள், ஃபோல்டர் என்பதே புதுசு. இதை ப்ராஜெக்ட் சொல்லித் தராது, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும்.

இன்னொன்று. ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள் 2010இல் அரசுக் கடன் பற்றி எழுதிய கட்டுரையில் எக்செல் சராசரியில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. 2013இல் அதை வெளியே கொண்டுவந்த தாமஸ் ஹெர்ன்டன் அப்போது ஆராய்ச்சி மாணவர். ஒரு கட்டுரையின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார் என்று வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடம் அது. கோர்ஸ்தான் சார் அதுவும்.

பழைய_பிஎச்டி:
நல்ல கோர்ஸ், ஒப்புக்கொள்கிறேன். 45,000 கேட்கிற கோர்ஸ் அது இல்லையே.

எலக்ட்ரானிக்சிட்டி_வாசி:
அல்சூர், நாங்கள் சண்டை போடுவது இருக்கட்டும். அங்கே போய் ஒன்றே ஒன்று கேள், என் லேப் ஃபைலைக் கொண்டுவந்து அதில் செய்யலாமா என்று.

அல்சூர்_ஏரிக்கரை:
நேற்று போய்க் கேட்டேன். கவுன்சலர் அக்கா உள்ளே போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்து, "சிலபஸில் இல்லைம்மா, ஆனால் இன்றைக்கே கட்டினால் 38,000" என்றார். டெமோ வகுப்பும் பார்த்தேன். ஐரிஸ் பூ.

பழைய_பிஎச்டி:
😂

ஓசூர்_பாசஞ்சர்:
சரி, அந்த இடம் வேண்டாம். அதற்காக ஒன்றுமே வேண்டாம் என்று உட்காராதே தங்கச்சி. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே லினக்ஸ், பைதான் எல்லாம் இருக்கிறது, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல வரும், இலவசம். ஆனால் தனியாகப் பார்த்தால் நாலாவது வாரம் நின்றுவிடும், என்னைப் போல. ஹாஸ்டலில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்.

பழைய_பிஎச்டி:
அலாரம் இலவசமாகவே கிடைக்கிறது பாருங்கள்.

அல்சூர்_ஏரிக்கரை:
நேற்று ராத்திரி என் எலைசா (லேபில் செய்கிற ஒரு பரிசோதனை) ஃபைலை எக்செல்லில் திறந்து பார்த்தேன். 2-1, 2-2 என்று நான் பெயர் வைத்த சாம்பிள் எல்லாம் ஜனவரி, பிப்ரவரி என்று தேதியாக நிற்கிறது. போன மாதம் கைடுக்கு அனுப்பியதும் அதே ஃபைல்தான்.
டீச்சர், உங்கள் இரண்டு நாள் வகுப்புக்கு வெளிக் கல்லூரிப் பிள்ளைகள் வரலாமா?

கேஆர்புரம்_டீச்சர்:
வரலாம். முதலில் கைடுக்கு மெயில் போடு. வரும்போது இந்த ஃபைலையே கொண்டு வா, லேப்டாப்புக்குச் சார்ஜையும் வீட்டிலேயே ஏற்றிவிட்டு வா, எங்கள் லேபில் பாதி பிளக் வேலை செய்யாது.