ஒரே வார்டில் இரு குழுக்கள்: முதுநிலைச் செவிலியர் ஆய்வுக்கு ஆலோசனை தேவை

மதிப்பிற்குரிய செவிலியப் பேராசிரியர்களுக்கும் மூத்தோருக்கும் வணக்கம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் எம்.எஸ்சி. நர்சிங் பயிலும் நான், நோயாளியின் உடனிருப்போருக்குப் பயிற்சி அளித்தால் படுக்கைப்புண் குறையுமா என்பதை ஆய்வேட்டுத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். அபாயத்தை மதிப்பிட பிரேடன் அளவுகோலைப் பயன்படுத்துகிறேன். ஆறு கூறுகள், 6 முதல் 23 வரை மதிப்பெண், 18-க்கு மேற்படாவிட்டால் அபாயம் என்பதால் அதில் குழப்பமில்லை.

சிக்கல் வார்டில்தான் இருக்கிறது. பயிற்சி பெற்றவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதையும், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் உயர்த்துவதையும் பார்த்து, பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவைச் சேர்ந்த, பக்கத்துப் படுக்கை நோயாளியின் உடனிருப்பவரும் அப்படியே செய்கிறார். நோயாளிக்கு அது நல்லதே, ஆய்வுக்குத்தான் கேடு.

குழுக்களை வார்டு வாரியாகப் பிரிப்பதா, அல்லது ஒரே வார்டில் ஒப்பீட்டுக் குழுவின் தரவுகளை முழுவதும் சேகரித்த பின்னரே பயிற்சியைத் தொடங்குவதா? முந்தைய வழியில் வார்டுகளின் செவிலியர் எண்ணிக்கையே முடிவை மாற்றிவிடும் என அஞ்சுகிறேன். இத்தகைய ஆய்வுகளைச் செய்த, வழிநடத்திய ஆசிரியர்கள் எதைத் தேர்ந்தீர்கள், நெறிமுறைக் குழுவுக்கான திருத்த விண்ணப்பத்தில் காரணத்தை எவ்வாறு எழுதினீர்கள் என்று தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.